ஏழு இடத்தில் இறங்க வேண்டும்

“...அதுனால கெடையாதுங்க. வாடகைக்கும் கெடையாது, சும்மாவும் கெடையாது. எறங்கி நிக்க ஒரு எடமில்லாத ஊருக்கு எதுக்குங்க சைக்கிளு?”

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு இளம் ஜோடியிடம் வாடகை சைக்கிள் கடைக்காரர் இப்படிச் சொன்னது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஜெராக்ஸ் கடைக்குள் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஒன்பது சைக்கிளும் வாசலில் வரிசையாக நிற்கின்றன. கேட்கிறவர்கள் கையில் நாள் முழுக்க நேரம் இருக்கிறது. மனிதரோ கிடையாது என்கிறார். பதினைந்து வருஷம் எதிரெதிரே கடை வைத்திருந்தோம். கையில் நேரம் வைத்துக்கொண்டு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அவர் இப்போது ஊரில் இல்லை. திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்கிறார்கள். கடை இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவு போட்டு யாரோ செல்போன் உறை விற்கிறார்கள். கடன் வாங்கிப் போனவரைப் பற்றிக்கூட இவ்வளவு நினைத்திருக்க மாட்டேன். இவரைத் தினமும் ஒரு தடவையாவது நினைத்துவிடுகிறேன். கடையைத் திறந்ததும் கண் எதிரேதானே போகிறது.

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். பெரிய வீடுகளைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். காரிலிருந்து இறங்கி, அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, காரில் ஏறிப் போய்விடுவார்கள். அவர்களை ஊருக்குள் இறக்கிவிட்டவர் இவர். அதற்கு முன்னால் எங்கள் தெருவில் நின்று டீ குடித்த வெளியூர்க்காரர் ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை.

குட்டையான ஆள். வலது கைக் கட்டைவிரல் மட்டும் எப்போதும் கறுப்பாக இருக்கும். காலையில் கடையைத் திறந்ததும் பம்பை எடுத்துக்கொண்டு ஒன்பது சைக்கிளுக்கும், முன்னும் பின்னுமாக, காற்று அடிப்பார். ஒவ்வொரு டயரையும் அந்தக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அழுத்தினால் அமுங்கக் கூடாது. அப்போதுதான் அடுத்த சைக்கிள்.

“நேத்து ஒரு வண்டியும் வெளிய போகலையேண்ணே. அடிச்ச காத்து அப்படியேதானே இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கும். ஆனா அது நேத்திக்கி வந்திருக்க வேண்டியவுகளுக்கு அடிச்சது. இன்னிக்கி வாரவுகளுக்கு இன்னிக்கித்தேன் அடிக்கணும்.”

இப்படித்தான் பேசுவார். நான் அதை எல்லாம் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன்.

சைக்கிள் கேட்டு யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “எம்புட்டு நேரம் இருக்கு?” ஒரு மணி நேரம் என்றால் கொடுக்க மாட்டார். “ஒரு மணி நேரத்துல வாசலைத்தேன் எண்ணலாம். ஒரு வாசல்லயும் நொழைய முடியாது. ஆட்டோ புடிச்சிக்கிருங்க” என்பார். நாலு மணி நேரம் என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஒரு தாளை எடுத்து நீட்டுவார்.

அந்தத் தாள் அவர் கையால் வரைந்தது. கோடு கோணலாக இருக்கும். தெருக்கள், நடுவில் ஊருணி, அம்புக்குறி, அதில் ஒன்று முதல் ஏழு வரை வட்டம் போட்ட எண்கள். மூலப் பிரதி என்னிடம் இருந்தது. தீரத் தீர நான் நகல் எடுத்துக் கொடுப்பேன். முதல் எண், முக்கில் அடுப்பு வைத்திருந்த அக்காவின் பணியாரக் கடை. இரண்டு, சலூன். மூன்று, தேங்குழலும் சீடையும் சுட்டு விற்கும் ஆச்சி வீடு. அப்புறம் சோடாக் கடை, தையல்காரர், ஓலையில் கொட்டான் கூடை பின்னும் வீடு, ஊர்க் கடைசியில் பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறை. அவ்வளவுதான். கோயில் இல்லை. ஒரு பெரிய வீடுகூட இல்லை.

“என்னண்ணே, ஊருக்குப் பேரே பெரிய வீட்டாலதான். அதைப் போடலையே?”

“அது ஒசரமா நிக்கிது, தன்னால தெரியும். பணியாரச் சட்டி ஒசரமாவா நிக்கிது?”

அந்த ஏழு பேரில் யாரும் அவருக்குச் சொந்தமில்லை. ஒருத்தரிடமும் அவர் ஒரு பணியாரம் ஓசியில் தின்றதில்லை. ஆள் இறங்க வேண்டும், அதுதான் அவருக்கு. சைக்கிள் திரும்பி வந்ததும் வண்டியைப் பார்க்க மாட்டார். முன்னால் மாட்டியிருக்கும் கூடையை எட்டிப் பார்ப்பார். பலகாரப் பொட்டலமோ கொட்டானோ கிடந்தால் சிரிப்பு. கூடை காலியாக இருந்தால் ஆள் வாடிவிடுவார்.

ஒரு தடவை ஒரு வெள்ளைக்காரர் நேராகத் தரைக்கல் பட்டறைக்குப் போய்ப் படம் எடுத்துவிட்டு நேராகத் திரும்பி வந்தார். ஒண்ணே முக்கால் மணி நேரம். கூடை காலி. இவர் கூடையைப் பார்த்தார், அந்த மனிதரின் மூன்று நாள் தாடியைப் பார்த்தார்.

“நாலு மணி நேரம்னு சொல்லித்தானே எடுத்தீக? எங்கயும் எறங்கலையா?”

அவருக்கு என்ன புரியும்? “வெரி நைஸ்” என்றார்.

“என்னத்த வெரி நைசு. ஏறுங்க பின்னாடி.”

அவ்வளவு உயரமான ஆளைக் கேரியரில் உட்காரவைத்து, கால் இரண்டும் ரோட்டில் இழுபட, இவர் மிதித்துக்கொண்டு போன காட்சியைத் தெருவே நின்று பார்த்தது. திரும்பி வரும்போது வெள்ளைக்காரர் மிதித்தார், இவர் கேரியரில் இருந்தார். அந்தத் தாடி முகம் வழவழவென்று மழித்திருந்தது. ஒரு கையில் தேங்குழல் பொட்டலம். மறுநாள் அவர் இன்னும் நாலு பேரைக் கூட்டிவந்து சலூன் வாசலில் வரிசையில் நின்றார்.

சலூன்காரர் அன்று சாயங்காலம் வந்து, “அண்ணே, இனிமே தாடி வச்சவுகளாப் பாத்து அனுப்புங்க. நேத்து ஒரு பொம்பளைய அனுப்பி விட்டீக, அவுக கத்திரிய எடுக்கவே விடலை” என்றார்.

“தலையவாச்சும் அமுக்கி விட்டியா?”

“அமுக்கி விட்டேன். தூங்கிட்டாக.”

“பெறகென்னய்யா கொறை?”

ஆச்சி மட்டும் அவரோடு எப்போதும் மல்லுக்கு நிற்பார். “ஒங்க ஆளுக வந்து அத்தனை டப்பாவையும் தொறந்து தின்னு பாத்துட்டு ஒரே ஒரு பொட்டலம் வாங்குறாக. இப்படி ஆள் அனுப்புறதுக்குக் குருவியை அனுப்பலாம்.”

“தின்னு பாக்காம வாங்குறவுக திரும்பி வர மாட்டாக ஆச்சி.”

“வந்தா மட்டும்? மறுபடியும் தின்னு பாப்பாக.”

ஆனால் வந்தார்கள். தெரு மெல்ல மெல்லத் தேறியது. ஆச்சி வீட்டில் சுடுவதற்கு இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். தையல்காரர் இன்னொரு மிஷின் வாங்கினார். ஏழில் இல்லாத டீக்கடைக்கும் கூட்டம் வந்தது. என் கடைக்குப் பாஸ்போர்ட் நகல் எடுக்க ஆள் வந்தது. ‘அவுக வந்துட்டுப் போன பெறகு ஊரு கொஞ்சம் ஒசந்து நிக்கணும்’ என்று அவர் சொன்னதைப் பில் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் புத்தகத்தை இப்போது எடுத்துப் பார்க்கப் பிடிப்பதில்லை.

எங்கள் தெருக் கடைசியில் இருந்த பெரிய வீட்டை ஒரு கம்பெனி வாங்கி ஹோட்டல் ஆக்கியது. அதன் மேனேஜர் வெளியூர்ப் பையன். நல்ல மரியாதை. வந்த முதல் வாரத்திலேயே சைக்கிள் கடைக்கு வந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். அதிலேயே இவர் விழுந்துவிட்டார்.

“சார், உங்க மேப்பைப் பத்தி எங்க கெஸ்ட் எல்லாம் சொல்றாங்க. எனக்கு அந்த ஏழு இடத்தையும் காட்டுவீங்களா?”

பதினைந்து வருஷத்தில் சாவு வீட்டுக்குத் தவிர அவர் கடையைச் சாத்தியதில்லை. அன்று சாத்தினார். நல்ல வண்டியை மேனேஜருக்குக் கொடுத்து, இன்னொன்றில் தான் ஏறி, ஏழு இடத்திலும் இறங்கினார். ஒவ்வொரு இடத்திலும் அவர் சொன்னது ஒரே வார்த்தை: “நம்ம ஆளுதேன். எது கேட்டாலும் சொல்லுங்க.”

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டு வந்தாலும் சரி, பெண் கேட்டு வந்தாலும் சரி, கூட வந்தவர் ‘நம்ம ஆளுதேன்’ என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் விசாரிக்கக் கூடாது. விசாரித்தால் சொன்னவரையே சந்தேகப்பட்டதாகிவிடும். அதனால் ஏழு பேரும் அந்தப் பையனிடம் எதையும் கேட்கவில்லை. அவர் கேட்டதை எல்லாம் சொன்னார்கள். அக்கா மாவு ஊற வைக்கும் கணக்கைக்கூடச் சொன்னார். மேனேஜர் குறிப்பு எழுதிக்கொண்டார். போகும்போது என் கடையில் அந்தப் படத்தைத் தெளிவாக ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னார். கறுப்பைக் கொஞ்சம் கூட்டி வைத்து, நானே நல்லதாக எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஏழு பேரையும் ஹோட்டலுக்குள் கூப்பிட்டார்கள். வீட்டு நடுவில் வானம் தெரியும் பெரிய வளவு இருக்கிறது. அதைச் சுற்றி ஏழு கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். வெயிலில் நிற்க வேண்டாம், மாதச் சம்பளம், விருந்தாளிகள் அங்கேயே வந்து பார்ப்பார்கள். அக்காவும் ஆச்சியும் தயங்கினார்கள். ஆச்சி வெளிப்படையாகவே கேட்டார்: “நான் என்ன பொருட்காட்சியா?”

இவர்தான் வீடு வீடாகப் போய்ப் பேசினார். “நெழல்ல ஒக்காரப் போறீக ஆச்சி. ஆளு தேடி வரும். பாத்துட்டு வெளிய வந்து மிச்ச ஊரையும் பாப்பாக. நாஞ் சொல்றேன்ல?”

அவர் சொன்னதால் போனார்கள். அவர் பங்குக்கும் ஒன்று செய்தார். வாடகைக்கு விடாமல் தான் ஓட்டுவதற்கென்று வைத்திருந்த பத்தாவது சைக்கிளை, பச்சைப் பெயின்ட் அடித்து, வளவில் நிறுத்தச் சும்மாவே கொடுத்தார். அதைப் பார்க்கிறவர்கள் கடையைத் தேடி வருவார்கள் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பம்பை எடுத்துக்கொண்டு போய் அதற்குக் காற்று அடித்துவிட்டு வருவார்.

ஒரு தடவை விலைப்பட்டியல் நகல் கொடுக்க நானும் உள்ளே போனேன். சலூன்காரர் தலையில் சரிகை வைத்த தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீக. இதைக் கட்டவே அரை மணி நேரமாவுது” என்றார். “செரைக்க ஒருத்தரும் வரலைண்ணே. பக்கத்துல நின்னு படம் புடிச்சிக்கிறாக. கத்தியை ஒசத்திப் புடிக்கச் சொல்றாக.”

அந்த வருஷம் சீசனில் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. கார்கள் வரும், ஹோட்டல் கேட் திறக்கும், மூடும். யாராவது வெளியே கிளம்பினாலும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, “எல்லாம் உள்ளேயே இருக்கு சார். வெளிய வெயிலு” என்று சொல்லிவிடுவார். அவரைக் குறை சொல்லி என்ன, அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். டீக்கடை ஒரு வேளையாகிவிட்டது. நான் மத்தியானமே கடையைச் சாத்திக்கொண்டு போக ஆரம்பித்தேன். இவர் மட்டும் காலையில் பதினெட்டு டயருக்கும் காற்று அடித்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்குண்ணே இன்னும்?”

“வெளிய வராமயா போயிருவாக? எம்புட்டு நேரந்தேன் ஒரு வீட்டுக்குள்ளயே இருப்பாக?”

அடுத்த வருஷம் மேனேஜர் மாறினார். புதியவர் வந்து ஒரு வாரத்தில், இனி வர வேண்டாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்பினார். பணியாரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து ஹோட்டல் சமையல்காரரே கற்றுக்கொண்டுவிட்டார். பலகாரம் எங்கிருந்தோ பாக்கெட்டில் வந்தது. சலூன் கொட்டகையில் ஹோட்டல் வேலையாள் ஒருவரை உட்காரவைத்தார்கள். எப்படியும் யாரும் சவரம் செய்துகொள்வதில்லை.

“தலைப்பா அங்கனயேதேன் இருக்கு. தலையைத்தேன் மாத்திட்டாக” என்று சலூன்காரர் என் கடையில் வந்து சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் இப்போது சாக்கோட்டையில் இன்னொருவர் சலூனில் கூலிக்கு நிற்கிறார். சோடாக் கடைக்காரர், தையல்காரர், கொட்டான் பின்னுகிறவர்கள், பட்டறைக்காரர் எல்லாரும் ஒவ்வொருவராக வெளியூருக்குப் பிழைப்புத் தேடிப் போனார்கள்.

ஆச்சி கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். கார் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. இவர் கடை வாசலுக்கு வந்து நின்றார். கார் கண்ணாடி இறங்கவில்லை.

முக்கில் அக்கா அடுப்பு வைத்திருந்த இடம் ஒரு கடையின் முன்பக்கம். அவர் ஹோட்டலுக்குப் போனதும் கடைக்காரர் அந்த இடத்தைத் தளம் போட்டு பைக் நிறுத்த விட்டுவிட்டார். திரும்பக் கேட்டதற்கு, “சம்பளம் கெடைக்கிதுன்னு நீயா விட்டுப்புட்டுப் போன எடந்தானே?” என்றாராம். அக்கா பணியாரச் சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே நேராக சைக்கிள் கடைக்கு வந்தார். நான் இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

“ஒக்காரும்மா” என்று இவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அக்கா உட்காரவில்லை. “ஒங்களைக் குத்தஞ் சொல்ல வரலைண்ணே.”

“சொல்லு. சொன்னாத்தேன் என்ன?”

“நம்ம ஆளுன்னு சொன்னீக. யாருக்கு ஆளுன்னு கேக்காமப் போனது என் தப்புத்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். இவர் வெகுநேரம் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். நான் எதையாவது சொல்லியிருக்கலாம். நகல் எடுத்துக் கொடுத்தவன் நான்தானே, அதையாவது சொல்லியிருக்கலாம். மிஷினுக்குத் தாள் வைப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அன்றே ஹோட்டலுக்குப் போனார். மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அனுமதி இல்லை. புதியவர் வந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை காற்று அடிக்கக்கூட அவரை உள்ளே விடுவதில்லை. மறுநாளும் போனார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கையில் பம்போடு போனார். அன்று நானும் கூடப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தால் வளவில் பச்சை சைக்கிள் தெரிந்தது. கூடை நிறைய பிளாஸ்டிக் பூ. சக்கரத்தைச் சங்கிலி போட்டுத் தூணோடு கட்டியிருந்தார்கள். இரண்டு டயரும் தட்டையாகக் கிடந்தன.

“மேனேஜரைப் பாக்க வரலை தம்பி” என்றார் செக்யூரிட்டியிடம். “அந்த வண்டிக்குக் காத்து மட்டும் அடிச்சிட்டுப் போயிர்றேன். ரெண்டு நிமிசம்.”

“அது ஓட்டுறதுக்கு இல்லங்கய்யா. படம் புடிக்கிறதுக்கு. காத்து எதுக்கு?”

“ரிம்மு தரையில ஒக்காந்தா டயரு வெடிச்சுப்போகும்ல?”

“போகட்டும்ங்கய்யா. யாரு கேக்கப் போறா?”

திரும்பி வரும்போது பம்பை நான் வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டார். சலூன் பூட்டிக் கிடந்தது. ஆச்சி வீட்டுக் கதவில் பெரிய பூட்டு. முக்கில் நாலு பைக். ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவர் நடை கொஞ்சம் தயங்கும், பிறகு போகும்.

அதற்கு மறுநாள் காலையிலும் வழக்கம்போல் காற்று அடித்தார். அடித்து முடித்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில்தான் அந்தச் சென்னை ஜோடி வந்தது. அந்தப் பெண்ணின் கையில் வழவழப்பான கலர்த்தாள். ஹோட்டலில் கொடுத்தது. அதே கோணல் கோடு, அதே ஊருணி, அதே ஏழு வட்டம்.

“அங்கிள், இதெல்லாம் உள்ளேயே பாத்துட்டோம். என்னவோ எல்லாமே டிராமா மாதிரி இருந்துச்சு” என்றது அந்தப் பெண். “நிஜமா ஊரைப் பாக்கணும். ரெண்டு சைக்கிள் வேணும்.”

“எம்புட்டு நேரம் இருக்கு?” பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

“நாள் பூரா இருக்கு அங்கிள். மெதுவா, அங்கங்க இறங்கி இறங்கிப் போகணும்.”

இத்தனை வருஷம் அவர் காத்திருந்த ஆட்கள் இவர்கள்தான். நாள் பூரா நேரத்தோடு, இறங்க வேண்டும் என்று தாங்களே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அவர் எழுந்து ஒரு சைக்கிளின் சீட்டில் கை வைத்தார். ஸ்டாண்டை எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கை அங்கேயே இருந்தது. அந்தப் பெண்ணின் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழு வரைக்கும் தொட்டார்.

“வண்டி நல்லாத்தேன் இருக்கு. ஆனா இதுல ஒரு எடத்துலயும் இப்ப ஆளில்லம்மா” என்று ஆரம்பித்துத்தான் அந்தக் ‘கெடையாது’க்கு வந்தார். அந்தப் பையன், “பரவாயில்ல அங்கிள், சும்மா சுத்திட்டாவது வர்றோமே” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். இவர் தலையை ஆட்டினார். அவர்கள் ஹோட்டல் பக்கமாகத் திரும்பி நடந்தார்கள்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் சைக்கிளின் முன்சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வைத் திருகினார். காலையில் அடித்த காற்று உஸ்ஸென்று வெளியே போவது ரோட்டுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

“அண்ணே, என்ன பண்றீக?” என்று கத்தினேன்.

திரும்பவில்லை. பின்சக்கரத்துக்கு நகர்ந்தார். அது முடிந்ததும் அடுத்த சைக்கிள். அவசரமே இல்லை. ஒன்பது வண்டிக்கும், முன்னும் பின்னுமாக, காற்றைப் பிடுங்கி விட்டுவிட்டு, முதல் வண்டிக்குத் திரும்பி வந்து, ஒவ்வொரு டயராகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே போனார்.